பழைய பெட்டியில் மீண்டும் தமிழ்ச் செய்தி

2019இல் மலேசியாவில் பழைய அனலாக் முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு டிஜிட்டலுக்கு மாறியபோது, பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் அம்மாவின் பழைய தொலைக்காட்சியில் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. பெட்டி பழுதடையவில்லை; டிஜிட்டல் அலையை வாங்கும் டிவிபி-டி2 ட்யூனர்தான் அதில் இல்லை. நன்றாக ஓடும் பெட்டியை வீசிவிடச் சொல்வது முதியவர்களுக்குச் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன். ஆகவே, டிஜிட்டல் அலையை வாங்கிப் பழைய பெட்டிக்குத் தரும் டிகோடர் ஒன்றை வாங்கி மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களால் இணைத்தேன். அப்போதும் படம் வரவில்லை. ஏனெனில் கூரைமேல் இருந்த ஏரியல் விஎச்எஃப் என்னும் அலைக்கானது, டிஜிட்டல் ஒளிபரப்போ அதைவிட அதிர்வெண் கூடிய யுஎச்எஃப் அலையில் வருகிறது. புதிய யுஎச்எஃப் ஏரியலைத் தெற்கே, ஒளிபரப்புக் கோபுரம் உள்ள ஈப்போவின் கிளேடாங் மலையை நோக்கித் திருப்பி, திரையில் சிக்னல் அளவைப் பார்த்தபடி சிறிது சிறிதாக நகர்த்திய பிறகு, அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் தமிழ்ச் செய்தி தெளிவாக வந்தது. இரண்டு ரிமோட்டுகள் அம்மாவைக் குழப்பியதால், தொலைக்காட்சியை, வயர் வழி வரும் படத்தைக் காட்டும் ஏவி நிலையிலேயே விட்டு, டிகோடர் ரிமோட்டில் அவருக்குத் தேவையான பொத்தான்களுக்கு மட்டும் சிவப்பு நகச்சாயம் பூசிக் கொடுத்தேன்.