வாடகையைக் கூட்டினால் சட்டத்தரணியிடம் போவதற்கு முன்

ஹட்டன், நுவரெலியா பக்கம் டவுனில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு. வீட்டுக்காரர் திடீரென்று வாடகையைக் கூட்டினால் கோபத்தில் பழைய வாடகையையும் நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் பாக்கியைக் காட்டியே உங்களை வெளியே போகச் சொல்லலாம். பழைய தொகையை வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தரணியிடம் முதலில் கேட்க வேண்டியது, 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் உங்கள் வீட்டுக்குப் பொருந்துமா என்பதுதான், ஏனென்றால் எல்லா வீடும் அதற்குள் வராது. பொருந்தினால் வாடகைப் பிரச்சினைகளை விசாரிக்கும் வாடகைச் சபைக்குப் போகலாம், வீட்டுக்காரர் காசை வாங்க மறுத்தால் உள்ளூராட்சி சபையில் கட்டவும் வழி இருக்கிறது. பொருந்தாவிட்டால் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். ஒப்பந்தம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வரிவரியாக விளக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்புறம் பீஸ். வீட்டுக்காரருக்குச் சட்டத்தரணி அனுப்பும் ஒரு கடிதத்துக்கு எவ்வளவு, வழக்கானால் ஒவ்வொரு நீதிமன்றத் தவணைக்கும் எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கடிதத்தோடு நிறுத்தப் பார்ப்பதே நல்லது, வழக்கு இழுத்துக்கொண்டே போகும். வருமானம் குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாகவே கேட்கலாம், அடையாள அட்டை, ஒப்பந்தம், ரசீதுகளை மறக்காமல் கொண்டுபோங்கள்.