பாலக்காட்டுப் பக்கம் ஒரு நாள் கருத்தரங்கு: குப்பை சேராமல் நடத்துவது எப்படி?

கஞ்சிக்கோட்டில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஒரு நாள் கருத்தரங்கு. நூற்றைம்பது பேர். பாதிப் பேர் கோவை, பொள்ளாச்சி. மீதி பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் நடத்த வேண்டும் என்று கமிட்டியில் தீர்மானம் போட்டார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை, வேலை என்னிடம் வந்தது. அடுத்து செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதி வைக்கிறேன். மண்டபம் பிடிப்பது, மைக் செட், பேச்சாளரை அழைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

இதற்கென்றே ஐஎஸ்ஓ 20121 என்றொரு தரநிலை உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸை ஒட்டி வந்தது, 2024இல் திருத்தினார்கள். சான்றிதழ் வேண்டும் என்கிற பெரிய நிறுவனங்கள் படிக்கட்டும். நமக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடது பக்கம் மண்டபத்துக்குள் என்னென்ன வருகிறது என்று எழுதுங்கள், வலது பக்கம் அது கடைசியில் எங்கே போகிறது என்று எழுதுங்கள். வலது பக்கம் காலியாக இருக்கும் பொருளை வாங்கவே வேண்டாம்.

படி 1: ஆட்கள் எப்படி வருவார்கள்?

எல்லோரும் பிளாஸ்டிக்கில் ஆரம்பிப்பார்கள். நான் காரில் ஆரம்பிக்கச் சொல்வேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் கிட்டத்தட்ட 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு. கோவையிலிருந்து போக வர நூறு கிலோமீட்டர் என்று வையுங்கள். லிட்டருக்குப் பதினைந்து ஓடும் கார் ஒன்றுக்கு 18 கிலோ. முப்பது கார் வந்தால் 540 கிலோ. அதே நாளில் மண்டபத்து ஏசியும் விளக்கும் சேர்ந்து 240 யூனிட் இழுத்தாலும், யூனிட்டுக்கு 0.7 கிலோ வீதம் 170 கிலோவைத் தாண்டாது. ஒரு பஸ் பிடித்து நாற்பது பேரை ஏற்றினால், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர்தான் ஓடும் என்றாலும் 25 லிட்டர், 70 கிலோவுக்குள் முடிந்துவிடும்.

அதனால் மண்டபத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ரயில் அட்டவணையைப் பாருங்கள். கோவையிலிருந்து பாலக்காடு ஜங்ஷனுக்கு ரயில் நிறைய. ஜங்ஷன் ஊருக்குள் இல்லை, ஒலவக்கோட்டில் இருக்கிறது. அங்கிருந்து மண்டபத்துக்கு ஒரு வேன் விடுங்கள். பொள்ளாச்சி ஆட்களுக்கு ரயில் குறைவு, பஸ்தான் சரி. கூட்டத்தை ஒன்பது மணிக்கு வைத்தால் எல்லோரும் காரில்தான் வருவார்கள். பத்தரைக்கு வையுங்கள். இந்த ஒரு மாற்றத்துக்குக் காசே செலவில்லை.

வெளியூர்ப் பேச்சாளரா? விமானத்தில் கூப்பிடாமல் வீடியோவில் பேசச் சொல்லுங்கள். கொச்சி விமான நிலையம் 2015இலிருந்து முழுக்கச் சூரிய மின்சாரத்தில் ஓடுகிறது என்று ஒருவர் வாதாடினார். நிலையம் ஓடுகிறது, சரி. விமானம் ஓடுவதில்லையே.

படி 2: பஞ்சாயத்துக்குச் சொல்லுங்கள், குப்பைக்கு ரசீது வாங்குங்கள்

இங்கேதான் நேரம் போகும். நிதானமாகப் படியுங்கள்.

உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூட்டினால் மூன்று வேலை நாட்கள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே வந்துவிட்டது. மண்டபம் உரிமம் உள்ளதாக இருந்தாலும் நீங்கள் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கஞ்சிக்கோடு என்றால் புதுசேரி பஞ்சாயத்து. கடிதம் கொடுக்கும்போதே ஹரித கர்ம சேனையின் ஆள் யார் என்று கேட்டு நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். வீடு வீடாக வந்து மக்காத குப்பையை வாங்கிப் போகும் பெண்கள். பெரும்பாலும் குடும்பஸ்ரீ என்கிற கேரள மகளிர் சுயஉதவி அமைப்பில் இருப்பவர்கள். கட்டணம் உண்டு. பேரம் பேசாதீர்கள்.

இதற்கு ஏன் இத்தனை அழுத்தம்? மண்டபத்தில், "குப்பையை நாங்களே பார்த்துக்கறோம், ஒரு ஆளு வண்டியில எடுத்துட்டுப் போயிடுவாரு" என்பார்கள். எங்கே எடுத்துப் போவார் என்று கேட்டால் பதில் வராது. எல்லைப் பக்கத்தில் இந்தப் பதில் வராத இடம்தான் ஆபத்து. வாளையாறு தாண்டினால் தமிழ்நாடு. ஆளில்லாத ஓரமாகப் பார்த்துக் கொட்டிவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவைக் கொட்டி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளமே லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போன கதை எல்லோருக்கும் தெரியும். மேடையில் பசுமை பேசிவிட்டு நம் சாக்குப்பை நம் சொந்தக்காரர் ஊர் ஓடையில் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

ஆக, மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: யார் எடுக்கிறார்கள், எத்தனை சாக்கு, எந்தத் தேதி. ரசீது கைக்கு வராமல் மண்டபத்து அட்வான்ஸைத் திரும்ப வாங்கப் போகாதீர்கள். கணக்கை முடித்துவிட்டால் அப்புறம் யாரும் போனை எடுக்க மாட்டார்கள்.

ஈரக் குப்பைக்கு மண்டபத்தில் பயோகேஸ் தொட்டி இருக்கிறது என்பார்கள். சமையலறைக்குப் போய் அந்த அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். நீலமாக நின்று எரிந்தால் தொட்டிக்கு உயிர் இருக்கிறது. "இப்பத்தான் கேஸ் தீர்ந்துச்சு" என்றால் வேறு வழி பாருங்கள். உயிருள்ள தொட்டியிலும் வாழை இலையையும் எலுமிச்சைத் தோலையும் போடக் கூடாது. நார் அடைத்துக்கொள்ளும், புளிப்பு ஏறிவிடும். இலையைத் தனியாகக் கட்டி மாட்டுக்கோ உரக்குழிக்கோ அனுப்புங்கள்.

படி 3: தண்ணீர், டீ

பாட்டில் வேண்டாம். 2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றமும் திருமண மண்டபம், ஓட்டல் போன்ற இடங்களில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை போட்டு உத்தரவிட்டது. இங்கே பழக்கமே பதிமுகம் என்கிற மரச்சீவல் போட்ட வெந்நீர். பெரிய பாத்திரத்தில் கொதிக்கவைத்து, இளஞ்சிவப்பாக வந்ததும் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில் ஊற்றிவிடுங்கள். முதல் தடவை பார்க்கும் கோவைக்காரர்கள் ஜூஸ் என்று நினைப்பார்கள்.

டம்ளர் பாத்திர வாடகைக் கடையில் கிடைக்கும். ஆள் எண்ணிக்கையைப் போல ஒன்றரை மடங்கு எடுங்கள், டீ இடைவேளை ரொம்பக் குறுகியது. கழுவ இரண்டு பேரைத் தனியாகச் சம்பளம் பேசி வையுங்கள். சமையல்காரர்களே கழுவிவிடுவார்கள் என்று விட்டால் மூன்றாவது ரவுண்டில் பேப்பர் கப் வந்து நிற்கும். பேப்பர் கப் பேப்பர் அல்ல, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியிலேயே தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

படி 4: சாப்பாடு

தலைவாழை இலை, பந்தி, சைவம். பஃபே எனக்குப் பிடிக்காது. தட்டில் மலைபோல் எடுத்துவிட்டுப் பாதியை விடுவார்கள். பந்தியில் பரிமாறுகிறவர் கேட்டுத்தான் போடுவார். முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் "நாளைக்குச் சாப்பாடு உண்டா?" என்று மட்டும் கேளுங்கள். பதிவு செய்தவர்கள் எல்லோரும் சாப்பிட நிற்க மாட்டார்கள். சமையல் மாஸ்டரிடம் கடைசிக் கால் பங்கு அரிசியை முதல் பந்தி உட்கார்ந்த பிறகு உலையில் போடச் சொல்லுங்கள். முறைப்பார். போடுவார். மட்டை அரிசி (கேரளத்துச் சிவப்பு அரிசி) வேக நேரம் எடுக்கும், அதனால் தள்ளிப்போடுவது வெள்ளை அரிசியாக இருக்கட்டும்.

படி 5: பேனர், பை, பரிசு

ஃப்ளெக்ஸ் வேண்டாம், துணி பேனர். ஆனால் துணி என்று சொல்லி கொரியன் கிளாத் கொடுப்பார்கள். பார்க்கத் துணி, உள்ளே பிளாஸ்டிக் இழை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தியானால் காகிதம் எரிகிற வாசம், தொட்டால் பொடியாகும் சாம்பல். சுருண்டு கறுப்பு மணியாகக் கெட்டியானால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேனரில் தேதி போடாதீர்கள், அடுத்த வருஷமும் கட்டலாம்.

பை கொடுக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. எல்லோர் வீட்டிலும் கருத்தரங்குத் துணிப்பை ஒரு டஜன் தொங்குகிறது. குறிப்புகளை க்யூஆர் கோடாக ஒட்டிவிடுங்கள். பேட்ஜைப் போகும்போது திரும்ப வாங்க வாசலில் ஒரு கூடை. மரக்கன்று பரிசும் வேண்டாம்: கறுப்பு பிளாஸ்டிக் கவரோடு கொடுத்து, கார் டிக்கியில் வாடி, பாதி அன்றைக்கே செத்துப்போகும்.

இதைப் படித்தவர்கள் கேட்டதால் சேர்த்தவை

மூணாற்றிலிருந்து ஒரு அண்ணன் கேட்டார்: ரயிலே இல்லாத மலைக்கு முதல் படி எப்படிப் பொருந்தும்? பொருந்தாது. கீழே இருக்கும் ஊரில் எல்லோரையும் சேர்த்து ஒரே பஸ்ஸில் ஏற்றுங்கள். அதைவிட நல்லது, உள்ளூர்க்காரர்கள் பெரும்பான்மையாக இருந்தால் மட்டும் மலையில் வையுங்கள். கீழேயிருந்து நூறு பேரை மேலே இழுத்துப்போய்ச் சுற்றுச்சூழல் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்னொருவருக்கு மண்டபத்துக்காரரே சமையலும் செய்து தருகிறாராம், வெளி ஆளை விடமாட்டாராம். அப்படியானால் டம்ளர், இலை, பாட்டில் இல்லை ஆகிய மூன்றையும் புக்கிங் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மீறினால் பில்லில் எவ்வளவு கழிப்பீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதியிருந்தால் போதும், பேப்பர் கப் பெட்டி வண்டியிலிருந்தே இறங்காது.