லேப்டாப் பாடியைத் தொட்டால் ஜிவ்வென்று இருக்கிறதா? முதலில் சுவரைப் பாருங்கள்

"அண்ணே, சார்ஜ் போட்டுக்கிட்டே தொட்டா ஷாக் அடிக்குது" என்று கடைக்கு வருபவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் அலுமினிய பாடி லேப்டாப்தான். பேட்டரியில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. சார்ஜரைச் சொருகியதும் விரலால் லேசாகத் தடவினால் மணல் தாளைத் தொட்டதுபோல் ஒரு நறநறப்பு. மணிக்கட்டின் உள்பக்கம் விளிம்பில் பட்டால் சுரீர். பிளாஸ்டிக் பாடியிலும் இது உண்டு, யூஎஸ்பி ஓட்டையின் உலோக ஓரத்தைத் தொட்டால் தெரியும். நீங்கள் சொல்வது இதுதான் என்றால் மதர்போர்டைப் பிரிக்கச் சொல்லி யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். திருச்சியில் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு நல்லதில்லைதான். ஆனால் பார்க்க வேண்டிய இடம் உங்கள் வீட்டு பிளக் பாயிண்ட்.

காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடாப்டருக்குள் 230 வோல்ட் பக்கமும் லேப்டாப்புக்குப் போகும் 19, 20 வோல்ட் பக்கமும் தனித்தனி, நடுவில் டிரான்ஸ்பார்மர். ஆனால் இரண்டுக்கும் பாலமாக ஒரு குட்டிக் கப்பாசிட்டர் இருக்கும். பெரும்பாலும் நீல நிற வட்டு, மேலே ஒய்1 என்று போட்டிருக்கும். அடாப்டர் உண்டாக்கும் இரைச்சல் ரேடியோ, டிவியைக் கெடுக்காமல் இருக்கத்தான் அதை வைக்கிறார்கள். அது 2.2 நானோஃபாரட் என்று வையுங்கள்: 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அதன் வழியே அதிகபட்சம் 0.16 மில்லிஆம்பியர் போகும். எர்த், அதாவது மண்ணுக்குள் போகும் பாதுகாப்புக் கம்பி இருந்தால் அது எர்த்துக்குள் போய்விடும். இல்லாவிட்டால் பாடியிலேயே நின்று, நீங்கள் தொடும்போது உங்கள் வழியாகப் போகிறது. இரட்டைக் காப்பு உள்ள அடாப்டர்களுக்குத் தரநிர்ணயம் அனுமதிக்கும் அளவு 0.25 மில்லிஆம்பியர். வீட்டு ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆவதற்கான அளவு 30 மில்லிஆம்பியர் என்பதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு சின்னது என்று புரியும்.

தடவினால் தெரிகிறது, அழுத்திப் பிடித்தால் மறைந்துவிடுகிறது என்றால் அது இந்தக் கசிவுதான். பழைய சமாச்சாரம் இது. பல்பு எரியும்போது பித்தளை ஹோல்டரைத் தடவினால் வேறு மாதிரி இருப்பதைக் கவனித்த மல்லின்க்ரோட் என்ற அமெரிக்கர், இன்னும் இருவரோடு சேர்ந்து 1953இல் 'சயன்ஸ்' இதழில் எழுதியே இருக்கிறார்.

சரி, வேலைக்கு வருவோம். டெஸ்டரை வைத்துப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதற்குள் இருக்கும் நியான் விளக்கு எரிய மிகச் சொற்ப மின்சாரம் போதும். நல்ல லேப்டாப்பிலும் மினுக்கும். டிஜிட்டல் மல்டிமீட்டர் 90, 100 வோல்ட் காட்டும், அதுவும் அப்படித்தான். கை வைத்தவுடன் அந்த வோல்டேஜ் சரிந்துவிடும்.

அடாப்டரில் ஒயர் சொருகும் ஓட்டையைப் பாருங்கள். எட்டு வடிவில் இரண்டு முள் என்றால் அதில் எர்த்தே கிடையாது. ஸ்டிக்கரில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறியும் இருக்கும். மிக்கி மவுஸ் முகம் போல மூன்று முள் என்றால் எர்த் உண்டு. பல மேக்புக் அடாப்டர்களில் பிளக் தலையை உருவி எடுத்தால் ஒரு உலோகக் குமிழ் தெரியும், எர்த் அதுதான். மேலே மாட்டும் தலையின் பள்ளத்தில் அந்தக் குமிழைக் கவ்வும் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் என்றால் எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. தகடு உள்ள நீள ஒயரை வாங்கி மாட்டினால் பாதிப் பேருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும்.

மூன்று முள் இருந்தும் அடிக்கிறது என்றால் ஒயரைப் பின்தொடருங்கள். நடுவில் கன்வெர்ட்டர் பிளக் இருக்கிறதா? யூனிவர்சல் என்று விற்கும் பலவற்றில் எர்த் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. ஜங்ஷன் பாக்ஸா? திறந்து பார்த்தால் பலவற்றில் எர்த் கம்பி இல்லாத இரண்டு கோர் ஒயர்தான் வந்திருக்கும். இதில் ஒரு கொடுமை உண்டு. எர்த் வராத ஜங்ஷன் பாக்ஸில் டெஸ்க்டாப்பையும் லேப்டாப்பையும் சேர்த்துச் சொருகினால், டெஸ்க்டாப்பின் பவர் சப்ளையில் இரைச்சலைத் தடுக்க இருக்கும் ஃபில்டர் அந்த எர்த் கம்பியைக் கிட்டத்தட்ட பாதி வோல்டேஜுக்குத் தூக்கிவிடும். அந்தக் கசிவும் உங்கள் லேப்டாப் பாடிக்கு வந்து சேரும். அதனால் லேப்டாப்பை நேராகச் சுவர் பாயிண்ட்டில் சொருகிப் பாருங்கள்.

சுவர் பாயிண்ட்டைச் சோதிக்க மல்டிமீட்டர் வேண்டும். ஏசி 750 அல்லது 600 வோல்ட் நிலையில் வையுங்கள், முனை தவிர மற்ற இடத்தில் விரல் படக்கூடிய உலோகம் தெரியாத ஒயராக இருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும். பழக்கம் இல்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெரிய எர்த் ஓட்டை மேலே இருக்க, நேராகப் பார்த்தால் வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் பக்கம், பேஸுக்கும் எர்த்துக்கும் அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் என்று காட்டினால் அநேகமாக எர்த் இருக்கிறது. பேஸுக்கும் எர்த்துக்கும் 60, 110 என்று ஆடினால் எர்த் கம்பி எங்கேயோ தொங்குகிறது. பழைய வீடுகளில் பிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் மட்டும் எர்த் இழுத்துவிட்டு, மற்ற பாயிண்ட்டுகளில் அந்த ஓட்டையைச் சும்மா விட்டிருப்பதை நிறையப் பார்க்கலாம். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு போட்டு எலக்ட்ரீஷியன்கள் பார்ப்பார்கள். அதை நீங்கள் செய்ய வேண்டாம். எர்த் அறுந்திருந்தால் அந்தப் பல்பு வழியாகப் பிரிட்ஜ் பாடிக்கே பேஸ் போய்விடும்.

எர்த் போடச் சொல்லும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். சிலர் பாயிண்ட்டுக்குள் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் முள்ளுக்கு லூப் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகவே காட்டும், ஜிவ்வென்பதும் நின்றுவிடும். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் லேப்டாப், வாஷிங் மெஷின் எல்லாவற்றின் பாடியிலும் 230 வோல்ட் நிற்கும். ஆள் போய்விடும். பச்சை ஒயர் எர்த் குழி வரை போக வேண்டும். குழி ஏற்கனவே இருந்தால் கோடையில் பைப்பைச் சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும்.

வாடகை வீடு, ஓனர் அசைய மாட்டார், அடாப்டரும் இரண்டு முள் என்றால்? பிளக்கைத் திருப்பிச் சொருகிப் பாருங்கள். பேஸும் நியூட்ரலும் மாறுவதால் சில அடாப்டர்களில் குறையும். அலுவலகத்தில் முறையாக எர்த் உள்ள மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தால், கேபிளின் உறை வழியாக லேப்டாப்புக்கும் எர்த் கிடைத்துவிடும். வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து மடியில் வைக்காதீர்கள். அதே வோல்ட்டும் போதிய ஆம்பியரும் உள்ள மூன்று முள் அடாப்டர் அந்தக் கம்பெனியிலேயே கிடைத்தாலும், எர்த் உள்ள பாயிண்ட் இருந்தால்தான் பயன்.

நறநறப்பைத் தாண்டிக் கையை உதறவைத்தால் கதை வேறு. உடனே சுவிட்சை அணைத்துவிட்டுச் சொருகியதைக் கழற்றுங்கள். மீட்டர் பழகியவர்கள் இப்படிப் பார்க்கலாம்: 47 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை மல்டிமீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே மாட்டி, சுவிட்ச் அணைந்திருக்கும்போதே ஒரு கிளிப்பை லேப்டாப்பின் ஸ்க்ரூவிலும் மற்றதை நல்ல எர்த்திலும் போட்டு, கையை எடுத்தபின் சுவிட்சைப் போடுங்கள். 90 வோல்ட் 12க்குள் இறங்கிவிட்டால் வெறும் கசிவு. இறங்காமல் நின்றால் அடாப்டருக்குள் காப்பு போய்விட்டது. பெட்டிக்கடை விலைக்கு வரும் டூப்ளிகேட்டுகளில்தான் இந்தப் பயம் அதிகம். ஐஎஸ் என்று தொடங்கும் இந்தியத் தர எண்ணும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாததை வாங்காதீர்கள். கெட்ட அடாப்டரைக் குப்பையில் போடும் முன் ஒயரை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்துப்போய்ச் சொருகுவார்கள்.