பைக் சைலன்சர் துரு: என் அனுபவம்

சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் துருப்பிடிப்பதில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. தினமும் 2 கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் சைலன்சர் முழுதாகச் சூடேறாது. நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி அடித்தகட்டை அரிக்கும். பல சைலன்சர்களின் அடியில் இந்தத் தண்ணீர் வடிவதற்கென்றே ஒரு சிறு ஓட்டை இருக்கும். என் வண்டியில் அதைக் கரி அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் குத்தியதும் பழுப்புத் தண்ணீர் சொட்டியது. துருப்பிடித்து விழுந்த ஓட்டை என்று நினைத்து அதை எம்-சீல் வைத்து அடைப்பவர்களும் உண்டு!

வெளித்துருவுக்கு, வண்டி நன்றாக ஆறியபின் கம்பி பிரஷ், பிறகு 120 நம்பர் எமரி தாள், கடைசியில் 320 நம்பர். குழிகளுக்குள் துருவை விட்டால் பெயிண்ட் அங்கேதான் முதலில் உரியும். தின்னர் துணியால் துடைத்தபின் கை படக்கூடாது. விரல் பிசுக்கு பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாது. சாதாரண ஸ்பிரே பெயிண்ட் சூட்டில் கருகிவிடும். 600 டிகிரி தாங்கும் ஹீட் பெயிண்ட்தான் வேண்டும். மெல்லிசாக மூன்று பூச்சு, நடுவே 15 நிமிடம். ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் வழியும், பிறகு கொப்புளிக்கும். ஒரு நாள் காயவிட்டு, எஞ்சினை ஐடிலில் 10 நிமிடம் ஓடவிட்டு, ஆறியதும் மறுபடி 20 நிமிடம். சூட்டில்தான் இந்தப் பெயிண்ட் இறுகும். புகையும் நாற்றமும் வரும், வெட்டவெளியில் செய்யுங்கள்.

குரோம் சைலன்சரில் எமரி வைக்கவே கூடாது. அலுமினிய ஃபாயிலைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே மேல்துரு போய்விடும். வண்டி கழுவினால் உடனே கவர் போடாமல் 15 நிமிடம் ஓட்டிவிட்டு, ஆறியபின் மூடுங்கள்.