கூச்சப்படுகிற பிள்ளைக்குக் கதைக்கப் பழக்குவது எப்படி?

வீட்டில் வாய் ஓயாது, வகுப்பில் சத்தமே இல்லை. டீச்சர் இப்படிச் சொன்னதும் நாங்கள் பிள்ளையிடம் "போய் எல்லாரோடயும் கதை" என்போம். பிள்ளைக்கு அது ஒரே வேலை இல்லை, நாலு வேலை. கிட்டப் போகவேண்டும், முகத்தைப் பார்க்கவேண்டும், கேட்கிற மாதிரிச் சொல்லவேண்டும், பதில் வரும்வரை நிற்கவேண்டும். ஒவ்வொன்றாகத்தான் பழக்கவேண்டும்.

படி 1: எது எவ்வளவு பயம் என்று பிள்ளையிடமே கேளுங்கள். பத்து விரலில் காட்டச் சொல்லலாம். பள்ளிக்கூட வான் ஓட்டுகிற அங்கிளுக்கு "குட் மோர்னிங்" சொல்ல இரண்டு விரல், வகுப்பில் கை உயர்த்த ஒன்பது என்றால், இரண்டில் தொடங்குங்கள்.

படி 2: வீட்டில் நடித்துப் பாருங்கள். இதற்குத்தான் கூடுதல் நேரம் கொடுக்கவேண்டும். இன்டர்வலில் மற்றப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று வையுங்கள். முதலில் பக்கத்தில் நின்று என்ன விளையாட்டு என்று பார்ப்பது. ஆட்டம் ஓயும்போது, "நானும் வரட்டா?" முதல் தடவை நீங்கள் கூச்சப்பிள்ளையாக நடியுங்கள், பிள்ளை மற்றவராக இருக்கட்டும். உங்களைச் சேர்க்கமாட்டேன் என்று சொல்வதில் அவர்களுக்குப் பெரிய சந்தோஷம்! அந்த "இல்லை"க்கும் பதில் பழக்கவேண்டும்: "சரி, அடுத்த ஆட்டத்துக்கு வாறன்." இதைப் பழக்காமல் அனுப்பினால், ஒரு மறுப்போடு பிள்ளை திரும்ப ஒடுங்கிவிடும்.

படி 3: கடை. கொழும்பில் இருந்தால், வெள்ளவத்தையில் தமிழ் கதைக்கிற கடையாகப் பாருங்கள். சிங்களத்தில் கேட்கவேண்டிய கடை பிறகு வரட்டும். கூச்சமும் மொழிப் பயமும் சேர்ந்தால் பாரம் இரண்டு மடங்கு. "அண்ணா, ஒரு மாலு பணிஸ் தாங்கோ", அவ்வளவுதான். பிள்ளை தயங்கினால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நீங்கள் முந்திக்கொண்டு கேட்டால், பேசாமல் நின்றால் அம்மா பார்த்துக்கொள்வா என்பதுதான் பிள்ளைக்குப் பழகும். (எனக்கு அந்த ஐந்து எண்ணுவதுதான் கஷ்டமாக இருந்தது.)

வெளியே வந்ததும் "கெட்டிக்காரி" என்று பொதுவாகச் சொல்லாமல், "அண்ணாவின்ர முகத்தைப் பார்த்துக் கேட்டனீ" என்று சொல்லுங்கள்.

படி 4: ஒரேயொரு சிநேகிதி, ஒரு மணித்தியாலம். ஃபிளாட்டில் இடமில்லையென்றால் காலிமுகத்திடலில் பட்டம் விடலாம். கை வேலையாக இருந்தால் கதை தானாக வரும்.

படி 5: டீச்சரிடம் சொல்லிவையுங்கள். திடீரென எழுப்பிக் கேள்வி கேட்காமல், முதலில் சோடியாக வாசிக்க விடட்டும்.

விருந்தாளிகள் முன்னால் "இவ சரியான வெட்கம்" என்று மட்டும் சொல்லவேண்டாம்.

1990களில் அமெரிக்காவில் பீடல், டர்னர் ஆகிய உளவியலாளர்கள் உருவாக்கிய பயிற்சியும் ஏறத்தாழ இதே வழிதான்: குழுவாகப் பழகுவது, பயப்படுகிற இடத்துக்குப் படிப்படியாகப் போவது, கூச்சமில்லாத பிள்ளைகளோடு விளையாடுவது. அது 12 வாரப் பயிற்சி. அதனால் இரண்டு கிழமையில் மாற்றம் தெரியவில்லையென்று விட்டுவிடவேண்டாம்.

புதுப் பள்ளிக்கூடத்தின் முதல் மாதத்தைக் கணக்கில் எடுக்காமல், அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லையென்றால் அது வெறும் கூச்சமாக இருக்காது. பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் மனநல வைத்தியரிடம் காட்டலாம். முதலில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கவேண்டுமென்றால், தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.