சார்ம் பேக் க்வில்ட்ல ஒன்னேகால் இஞ்ச் எங்க போச்சு?

அக்கா பாப்பாவுக்கு க்வில்ட் (துண்டுத் துணி சேர்த்துத் தைக்கிற போர்வை) தைக்க கடல் தீம் சார்ம் பேக் ஒன்னு வாங்கினேன், அதாவது ஏற்கனவே வெட்டி வச்ச துணித் துண்டுக் கட்டு, 5 இஞ்ச் சதுரம் 42, மீனும் ஆமையுமா. வரிசைக்கு 6 வச்சு ஓரத்துல கால் இஞ்ச் தையலுக்கு விட்டா வரிசை அகலம் 27½ இஞ்ச் வரணும், எனக்கு 26¼ தான் வந்துச்சு. ஊசி மாத்தினேன், மெஷின்ல நூல் டென்ஷன் மாத்தினேன், துணி சுருங்குதோன்னு ஸ்டீம் அயர்னையும் நிறுத்திப் பார்த்தேன், மூணு நாள் போச்சு. கடைசில ஒரு சதுரத்தை ஸ்கேல் மேல வச்சா, ஓரத்துல ஜிக்ஜாக்கா பல்லு வெட்டியிருக்கும்ல, நுனிக்கு நுனி 5, பள்ளத்துக்குப் பள்ளம் 4¾! நான் பள்ளத்துல இருந்து கால் இஞ்ச் எடுத்திருக்கேன். எல்லாத்தையும் பிரிச்சு, பல்லு நுனியை மெஷின்ல துணியை அமுக்குற கால் இஞ்ச் ஃபுட் ஓரத்துல ஒட்டி தச்சேன், கரெக்டா 27½. (5 இஞ்ச் நுனிக்கா பள்ளத்துக்காங்கிறது பேக்குக்கு பேக் மாறும், முதல்ல அளந்துக்கோங்க.) ரெண்டு ஆமை தலைகீழா நிக்குது, அதைப் பிரிக்க இனி பொறுமை இல்ல.