மன்றம் பிறந்த ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

தொண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். அங்குள்ள விளையாட்டு மன்றத்துக்குப் பதினோரு ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். போன மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடந்தபோது, விழா மலருக்கு மன்றத்தின் வரலாறு வேண்டும் என்று இளைஞர்கள் வந்து நின்றார்கள். 61 நாள் இருக்கிறதே என்று ஒப்புக்கொண்டேன். முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். தொடங்கிய ஆண்டு எது? வாலிபால் பிள்ளைகள் ஓர் ஆண்டைச் சொன்னார்கள், கபடிக்காரர்கள் வேறோர் ஆண்டை. பாய்மரப் படகுப் போட்டிக்குப் போய்வந்த கிழவர்கள் இரு தரப்பையும் பார்த்துச் சிரித்தார்கள்.

ஸ்வீடனில், ஸ்டாக்ஹோம் நகரில் ஹம்மர்பி என்றொரு பழைய மன்றம் உண்டு. 1889இல் துடுப்பு வலிக்கும் சங்கமாகத்தான் தொடங்கியது. மற்ற விளையாட்டுகளும் சேர, 1897இல் விளையாட்டுச் சங்கம் என்று பெயர் மாறியது. இன்று அதற்குப் பெயர் வாங்கித் தரும் கால்பந்து வந்தது 1915இல்தான். மூன்று ஆண்டுகளும் உண்மை. நீங்களும் அப்படியே மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: முதலில் கூடியது, பெயர் வைத்தது, ஒவ்வொரு ஆட்டமும் சேர்ந்தது. பாதிச் சண்டை அங்கேயே தீரும்.

பெரியவர்களிடம் வருடத்தைக் கேட்காதீர்கள்; வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். 1964 புயலுக்கு முன்னாலா பின்னாலா, 2004 சுனாமியின்போது கொட்டகை இருந்ததா என்று கேளுங்கள். நான் ஒருவரிடம் இப்படிக் கேட்டேன்: "பெரியப்பா, ராமேஸ்வரத்தில் கபடிக் கோப்பை வாங்கினீர்களே, பஸ்ஸிலா திரும்பினீர்கள்?"

"பஸ் ஏது? ரயிலில்தான். கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பாம்பன் தாண்டும்வரை பயந்துகொண்டே வந்தேன்."

சாலைப் பாலம் திறந்தது 1988இல். ஆகவே கோப்பை அதற்கு முந்தியது. வாலிபால் பிள்ளைகள் சொன்ன 1990 அதோடு போயிற்று.

அடுத்தது காகிதம். சந்தா நோட்டு, ரசீதுக் கட்டை, துண்டறிக்கை எதையும் விடாதீர்கள். ஸ்வீடனின் 'கம்ராத்தர்னா' சங்கங்கள் 1895இல் பள்ளி மாணவர் இருவர் சிறுவர் பத்திரிகை மூலம் விடுத்த அழைப்பில் பிறந்தவை; பிறகு ஊர் ஊராகப் பரவின. அச்சில் வந்த அழைப்பு என்பதால் தொடக்கத்தைப் பற்றி வழக்கில்லை. நம் மன்றத்திலும் யாரோ இரண்டு பையன்கள்தான் தொடங்கியிருப்பார்கள். மலரின் முதல் பக்கத்தில் நன்கொடையாளர் படம் வரும். அது வேறு கதை.

உப்புக்காற்றில் ஒட்டிக்கொண்ட புகைப்படங்களைப் பிரித்து இழுக்காதீர்கள். ஆல்பத்தோடு சேர்த்தே செல்பேசியில் படமெடுங்கள். பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரை இருந்தால் அதையும் எடுங்கள். முதல் தீர்மான நோட்டைக் கரையான் தின்றது என் காலத்தில்தான். இரும்பு அலமாரி வாங்கத் தீர்மானம் போட்டேன். அந்தத் தீர்மானமும் அதே நோட்டில் இருந்தது.

பாய்மரப் போட்டியின் ஆண்டை மட்டும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அன்று சுக்கான் பிடித்தவர் இப்போது தங்கச்சிமடத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.